வாளிக்கயிறு

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, 'இந்தா வாரேன்' என்று எழுந்து போகிறவளைப் போல அம்மா கடலுக்குள் போனாள்.

என் கண்ணில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. படகின் பின்பக்கப் படியில் நின்று, சட்டி கழுவ ஒரு வாளித் தண்ணீர் மொள்ளக் குனிந்தாள். வாளிக்கயிறு விறைத்தது. முதலில் அவளுடைய வலது கை நீண்டது. கைக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் முழு அம்மா. அலறல் இல்லை. விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. படி காலியாக இருந்தது.

நான் கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த பட்டாணியைக் கிண்ணத்திலும் தோலைத் தட்டிலும் போட்டேன். அதற்கப்புறம்தான் எழுந்தேன். அந்தத் தோலை ஏன் அவ்வளவு ஒழுங்காகத் தட்டில் போட்டேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படகு நிற்கவில்லை. காற்று பின்னாலிருந்து தள்ள, இரண்டு பாய்களும் புடைத்துக்கொண்டு, தெற்கே பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. மேஜைமேல் இருந்த டீ தளும்பவில்லை. தன்னை ஓட்டிக்கொண்டிருந்தவள் இப்போது தன்மேல் இல்லை என்பது அதற்குத் தெரியவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு எங்கே போவது

அறுபது வயது தாண்டிய இரண்டு பேர் படகில் குடித்தனம் நடத்தப் போன கதையைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

அப்பா சங்கரலிங்கம் தாராவியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அம்மா பேச்சியம்மாள் கொலாபா பக்கம் ஒரு பாய்மரப் படகு கிளப்பில் கணக்கு எழுதினாள். இருவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். குடியிருந்தது செம்பூரில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடி.

கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடக்கும். யாராவது வராமல் போனால், "பேச்சி மேடம், சும்மா வந்து இந்தக் கயிற்றைப் பிடியுங்கள்" என்று கூப்பிடுவார்களாம். சும்மா பிடிக்கப் போனவள் பத்திருபது வருஷம் பிடித்தாள். வீட்டில் நாங்கள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்கம்மா போட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வருவா" என்பார் அப்பா, மார்க்கெட்டுக்குப் போய் வருவாள் என்பதுபோல.

பிறகு செம்பூர் கட்டிடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று முடிவானது. மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். புதுக்கட்டிடம் எழும்வரை, மூன்று வருஷம், எல்லாரும் வெளியே வாடகைக்கு இருக்கவேண்டும்; அந்த வாடகையை பில்டர் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் டோம்பிவிலியில் வீடு பார்த்தார்கள். நான் வாஷியில் என் வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்து வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கிளப்பின் வயதான உறுப்பினர் ஒருவர் மகனோடு வெளிநாட்டில் இருக்கப் போனார். அவருடைய பழைய படகை வாங்க ஆள் இல்லை. அம்மா வாங்கிக்கொண்டாள்.

"வாடகை வீட்டுல இருக்கதுக்குப் படகுல இருந்தா என்னட்டி?" என்று போனில் கேட்டாள்.

"பாகல் ஆயிட்டியாம்மா, பைத்தியமா? அப்பா என்ன சொல்றாங்க?"

"அவுகளா? 'கேஸ் அடுப்பு இருக்கா'ன்னு கேட்டாக. இருக்குன்னேன்."

தாராவியில் இருந்த பெரியப்பாவுக்கு யாரோ 'கேட்டமரான்' என்று சொல்லியிருக்கிறார்கள். அது நம்முடைய கட்டுமரம்தான் என்று அவராகவே கண்டுபிடித்து, "பேச்சி மூணு மரத்தைக் கட்டி அதுமேல குடியிருக்கப் போறாளாம், என் தம்பியையும் கூட்டிக்கிட்டு" என்று சொந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து அழுதுகொண்டு போன் வந்தது.

சமையல் பக்கம், படுக்கை பக்கம்

அது மரம் இல்லை. ஒல்லியான இரண்டு படகுகளை அருகருகே நிறுத்தி, நடுவில் ஒரு அறையைக் கட்டி வைத்ததுபோல இருக்கும். நடு அறையில் மேஜை, சாய்மானம். அதிலிருந்து இரண்டு பக்கமும் கீழே இறங்கினால், இடது படகில் அடுப்பும் அலமாரியும், வலது படகில் படுக்கைகள். மற்ற பாய்மரப் படகுகள் காற்றில் ஒருபக்கமாகச் சாயுமாம். இது சாயாது. அதனாலேயே இதில் இருப்பவர்களுக்கு வீட்டில் இருக்கிற நினைப்பு வந்துவிடும். கையில் எதையும் பிடிக்காமல் நடப்பார்கள்.

அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. படகின் பக்கங்களுக்கான இங்கிலீஷ் பெயர்கள் கடைசிவரை அவர் நாக்கில் தங்கவில்லை. இடது என்றால் சமையல் பக்கம், வலது என்றால் படுக்கை பக்கம். அம்மாவும் அந்தப் பேச்சுக்கே வந்துவிட்டாள். "படுக்கை பக்கம் ஒரு கப்பல் வருது பாருங்க" என்பாள்.

குடித்தனம் அவர்களுக்குச் சிரமமாக இல்லை. நல்ல தண்ணீரை அளந்து செலவழிக்க அப்பாவுக்குத் தாராவி கற்றுக்கொடுத்திருந்தது. பாத்திரத்தைக் கடல்தண்ணீரில் கழுவி, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் விட்டு அலசுவார்கள். துவைத்த துணி கம்பிவேலியில் காயும். உலர்ந்தாலும் உப்புப் பிசுபிசுப்பு போகாது. இட்லிமாவு கடலில் சீக்கிரம் புளிக்கும். மழைக்காலத்தில் படகை ஓடைக்குள் கட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்து இருப்பார்கள். மழை விட்டதும் கிளம்பிவிடுவார்கள்.

அம்மா அப்பாவுக்கு ஒரு பாடம் மட்டும் விடாமல் நடத்தினாள். உரிக்காத தேங்காய் ஒன்றைத் தூக்கிக் கடலில் எறிவாள். "ஆளு விழுந்தாச்சு" என்பாள். அப்பா படகைத் திருப்பிக்கொண்டு போய் அதை எடுக்கவேண்டும்.

அப்பா திணறுவார். தேங்காய்மேலேயே படகை ஏற்றுவார். அல்லது ஒரு தெருவளவு தூரத்தில் விட்டுவிட்டுப் போவார். "இப்ப என்ன செய்ய?" என்று அம்மாவைப் பார்ப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நான் தண்ணிக்குள்ள இருக்கேன். என்கிட்ட கேக்காதீங்க."

அலிபாக் கரையில் எத்தனையோ தேங்காய் ஒதுங்கியிருக்கும். அவர் எடுத்ததை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

கையை நீட்டு

அந்தக் குளிர்காலத்தில், கணவரையும் மகளையும் வாஷியில் விட்டுவிட்டு, கோவாவரை அவர்களோடு போகக் கிளம்பினேன். பகலில் ஓடி, சாயங்காலம் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டுப் படுப்பது. ரத்னகிரி இன்னும் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டியரிங்கை ஆட்டோபைலட் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா கீழே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். அம்மா சாம்பார் வைத்த சட்டியைக் கழுவலாம் என்று பின்படிக்குப் போனாள்.

ஓடுகிற படகிலிருந்து வாளியை இறக்கினால், நிரம்பிய வாளியைக் கடல் பிடித்து இழுக்கும். கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். அன்றைக்கு அவளே சுற்றியிருந்தாள்.

"அப்பா, அம்மா விழுந்துட்டா."

என் குரல் மெதுவாகத்தான் வந்தது. அப்பா இடுக்கியோடு மேலே வந்தார். காலிப் படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் விரிந்திருந்த தண்ணீரைப் பார்த்தார். 

"அவ எங்கன இருக்கா?"

தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அலைமேல் ஏறும், மறையும்.

"கையை நீட்டு. அவளைக் காட்டிக்கிட்டே இரு. கண்ணை எடுத்துராத. வேற எதுவும் நீ செய்ய வேண்டாம்."

நீட்டினேன். அவர் கம்பியில் மாட்டியிருந்த ஆரஞ்சு மிதவை வளையத்தைக் கழற்றி எறிந்தார். அது நடுவழியில்தான் விழுந்தது. பிறகு என் முதுகுக்குப் பின்னால் அவர் என்னவெல்லாம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. சத்தங்கள்தான் கேட்டன. ஆட்டோபைலட்டை அணைத்த 'பீப்'. ஒரு என்ஜின், அப்புறம் இன்னொன்று. முன்பாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டதும் பாய் படபடவென்று தகரக் கொட்டகை காற்றில் பிய்கிற மாதிரி அடித்துக்கொண்டது. கயிற்றின் நுனி சுழன்று வந்து என் கன்னத்தில் ஒரு வீச்சு வீசியது. வலித்ததா என்று ஞாபகம் இல்லை.

படகு திரும்பியது. படகு திரும்பும்போது நீட்டிய கையும் எதிர்ப்பக்கமாகத் திரும்பவேண்டும். என் விரல்நுனியில் அம்மா இருந்தாள். இமைத்தால் போய்விடுவாள் என்று பயந்தேன்.

திரும்பி முடித்தபோது காற்று எதிரே வந்து உப்புச் சாரலைக் கண்ணில் அடித்தது. கடல் முழுவதும் புதுத்தட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பியதுபோல மின்னியது. புள்ளியைக் காணோம்.

"எங்கட்டி? சமையல் பக்கமா, படுக்கை பக்கமா?"

"தெரியலப்பா."

"தெரியும். பாரு."

என் விரல் ஒரு இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் அதை நகர்த்தவில்லை. அந்தத் திக்கிலேயே ஒரு அலை எழுந்தது. அதன்மேல் அம்மாவின் தலை.

"சமையல் பக்கம். கொஞ்சம். இன்னும் கொஞ்சம் சமையல் பக்கம்."

இரண்டாவது தடவை

முதல் தடவை வேகமாகப் போய்விட்டோம். கைக்கெட்டுகிற தூரத்தில் அம்மா எங்களைக் கடந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படகின் பின்பக்கத்தை, என்ஜின் விசிறி சுற்றுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மட்டும் தண்ணீரைத் தள்ளினாள். மற்றக் கை வேறு யாருடையதோ போல மிதந்தது. கண்கள் அகலமாகத் திறந்திருந்தன. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் வேண்டாம்.

அப்பா நேரே போனார். எனக்குத் தாங்கவில்லை, அவளை விட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் தோன்றியது. அவசரப்படாமல் அகலமாக ஒரு வட்டம் அடித்துக் காற்றுக்கு எதிராக வந்தார். ரொம்ப முன்னாலேயே என்ஜினைத் தளர்த்திவிட்டார். படகு தயங்கித் தயங்கி வந்து, படுக்கை பக்கத்துப் பின்படி அம்மாவுக்கு நேராக நின்றது.

அந்தப் படி நின்ற இடத்திலேயே எழும்பி எழும்பித் தண்ணீரை அறைந்தது. அதன் அடியில் தலை மாட்டினால் அவ்வளவுதான். அப்பா ஒரு கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மறுநுனியைக் கம்பத்தில் கட்டினார். படியில் குப்புறப் படுத்தார். நீச்சல் தெரியாத மனுஷர். அலை அவர் தலைக்குமேல் போய் வந்தது.

"பேச்சி. கையைக் குடு."

"முடியல. கை இல்ல." அது அம்மாவின் குரல்தான்.

"அப்ப முடியைக் குடு."

அவர் அவளுடைய குர்தாவின் கழுத்தையும் தலைமுடியையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்தார். அடுத்த அலை அவளைத் தூக்கியது. அவர் இழுக்க, அலை தள்ள, அம்மா படியில் வந்து விழுந்தாள். நான் ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்து மேலே இழுத்தேன்.

ஒரு கையால்தான். மற்றக் கை இன்னும் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது.

"செல்வி, கையை எறக்கு" என்றார் அப்பா. இறக்க நினைத்தேன். இறங்கவில்லை. அவர் எழுந்து வந்து, கதவை மூடுவதுபோல என் முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கிக் கீழே விட்டார்.

அடுப்பு

அம்மா உப்புத்தண்ணீரை வாந்தி எடுத்தாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. ஜமுக்காளத்தைச் சுற்றிப் படுக்கையில் கிடத்தினோம். படகின் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். 

அப்போதுதான் எனக்கு அப்பளச்சட்டி ஞாபகம் வந்தது. எண்ணெய் தீப்பிடித்திருக்கும் என்று சமையல் பக்கம் ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டர் மூடியிருந்தது. எண்ணெய்ச் சட்டிமேல் தட்டுப் போட்டு மூடியிருந்தது.

"எப்பப்பா அணைச்சீங்க?"

"நானா அணைச்சேன்?" என்று கேட்டார்.

கரைவரைக்கும் அப்பாதான் ஓட்டினார், பாய்களை இறக்கிவிட்டு, என்ஜினிலேயே. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கிற ஒரு சிறு துறைமுகத்துக்குள் நுழைந்தார். ஐஸ் உடைக்கிற சத்தம், கருவாட்டு வாடை. ஒரு மீனவர் நாங்கள் வீசிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "க்யா ஹுவா, சாச்சா?" என்று, என்ன ஆச்சு என்று ஹிந்தியில் கேட்டார்.

நாற்பது வருஷம் ஹிந்தியில் வியாபாரம் செய்தவர் என் அப்பா. வாயைத் திறந்தார். ஹிந்தி வரவில்லை.

"எம் பொண்டாட்டி விழுந்துட்டா" என்று அவரிடம் தமிழில் சொன்னார். "எம் பொண்டாட்டி தண்ணிக்குள்ள விழுந்துட்டா."

 வலைக்குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் கயிற்றைக் கட்டிவிட்டு வந்து, அப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆட்டோ பிடித்து வந்ததும் அவரேதான்.

தோள்மூட்டு நழுவியிருந்தது. டாக்டர் அதைத் திரும்பப் பொருத்தும்போதுகூட அம்மா கத்தவில்லை.

பெஞ்சில் சொன்னது

படகைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வாஷிக்குக் கூட்டிவந்தேன். போதும், இனி கடல் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அப்பா, "அவ சொல்லட்டும்" என்றதோடு சரி. அம்மா எதுவும் சொல்லவில்லை. கையைக் கழுத்தோடு துணித்தொட்டிலில் மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். என் மகள் பக்கத்தில் போய் ஹிந்தியில் ஏதாவது பேசினால் தலையாட்டுவாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு நான்தான் கூட்டிப்போவேன். ஒருநாள் திரும்பும்போது வெயில். வாஷி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்தோம். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"தண்ணிக்குள்ள இருந்து பாத்தேன். படகு போய்க்கிட்டு இருக்கு. எவ்வளவு அழகாப் போச்சு தெரியுமா? நான் அதை வெளியில இருந்து பாத்ததே இல்லட்டி."



"பயமா இல்லையாம்மா?"

"அப்ப இல்ல. அதான் படகு போயிருச்சே, இனி என்னன்னு இருந்துச்சு. கை வலி மட்டும் தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல பாய் படபடன்னு அடிச்சுது. உங்கப்பா கயித்தை அவுத்துட்டாகன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் பயம் வந்துச்சு. அய்யோ, வாராகளே, தப்பவிட்டுருவாகளோன்னு."

தலையில் டோக்ரிக் கூடை தூக்கிய ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போக, அம்மா காலை மடக்கி வழிவிட்டாள்.

"அவுக திரும்புவாகன்னு நான் நெனைக்கவே இல்ல, செல்வி. அவுகளால முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன். தண்ணிக்குள்ள விழுந்த அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். இதை மட்டும் அவுககிட்ட சொல்லிராத."

நான் சொல்லவில்லை. கை சரியானதும் அவர்கள் திரும்பப் படகுக்குப் போனார்கள். இப்போது ஓடும் படகில் இரண்டு பேரும் இடுப்புவார் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டி கழுவ அடுப்படியிலேயே கடல்தண்ணீர்க் குழாய் வைத்துவிட்டார் அப்பா.

ஒரு சங்கடம் இருக்கிறது. அப்பா, பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் விடாமல் வாசிக்கிறவர். எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் போனில் வரவழைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் இதை எழுதுவதற்கு முன்னால் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெஞ்சில் சொன்னதையும் சேர்த்து எழுதவா, விட்டுவிடவா என்று.



"எழுது" என்றாள். "எனக்கு நேரா நின்னு சொல்ல வாய் வரல. அவுக வாசிக்கும்போது நான் எந்திரிச்சு முன்பக்கம் போய் உக்காந்துக்கிடுதேன்."